மூன்று நொடிக்கான வேலை: தயாரிப்பு நிறுவனத்தின் திரை லோகோவை வடிவமைப்பது எப்படி

தொடரில் பணியாற்றியவர்களின் பெயர்கள் ஓடி முடிந்ததும் இரண்டு மூன்று நொடி வந்து மறைகிறதே, அந்தத் தயாரிப்பு நிறுவன லோகோவைப் பற்றியது இந்தக் கட்டுரை. சேனல் லோகோ வேறு சங்கதி. அது நாள் முழுக்கத் திரையின் மூலையில் உட்கார்ந்திருக்கும், இன்று கவனிக்காதவர் நாளை கவனிப்பார். தயாரிப்பு நிறுவனத்துக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் பார்ப்பவர் ரிமோட்டைத் தேடும் நேரத்தில், சேனலின் அறிவிப்புக் குரல் அடுத்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்ட நேரத்தில், சில சமயம் படமே கால்வாசித் திரைக்குச் சுருங்கிப்போன நேரத்தில். அதனால் இந்த வேலையை எடிட்டிங் அறையின் பெரிய மானிட்டரில் தொடங்கக் கூடாது. லோகோ சந்திக்கப்போகும் மிக மோசமான நிலைமையை முதலில் எழுதிவைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பழையவற்றைப் பிரேம் பிரேமாக

வரைவதற்கு முன் பழைய லோகோக்களில் இருபதையாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றின் தோற்றமும் அன்றைய கருவியால் எது முடிந்தது, எது முடியவில்லை என்பதிலிருந்து வந்தது புரியும்.

1950-களில் இருந்தவை அட்டை, ஃபிலிம், காமிரா, கொஞ்சம் மேஜை இடம். அமெரிக்காவில் ஜாக் வெப்பின் மார்க் செவன் நிறுவனம் செய்தது இவ்வளவுதான்: இரண்டு கைகள், ஓர் உளி, ஒரு சுத்தியல். சுத்தியல் விழுகிறது, உலோகத்தில் ரோமன் எண் ஏழு பதிகிறது. அடியின் ஓசையே இசை. பிரிட்டனில் ஐடிவி என்ற தனியார் ஒளிபரப்பு வலையமைப்பின் வட்டார நிறுவனங்கள் தாங்களே தயாரித்துத் தாங்களே ஒளிபரப்பியதால் அவற்றின் லோகோ நிகழ்ச்சிக்கு முன்னால் வந்தது, கொஞ்சம் கூடுதல் நேரமும் கிடைத்தது. ஆங்கிலியா நிறுவனம் 1959 முதல் 1988 வரை காட்டியது உண்மையான ஒரு வெள்ளிக் குதிரைவீரன் சிலையை. சுழல்மேடையில் சிலை மெதுவாகத் திரும்பும், பின்னணியில் ஹாண்டலின் இசை. தேம்ஸ் நிறுவனம் லண்டன் கட்டடங்களின் வரிசையை எழுப்பி, தண்ணீரில் அதன் பிம்பத்தையும் காட்டியது. ஜானி ஹாக்ஸ்வொர்த்தின் சிறு இசைத்துணுக்கு இன்றும் அதைப் பார்த்து வளர்ந்தவர்களின் காதில் இருக்கிறது.

1970-களில் ஸ்கானிமேட் வந்தது. லீ ஹாரிசனின் கம்ப்யூட்டர் இமேஜ் நிறுவனம் டென்வரில் உருவாக்கிய அனலாக் கருவி அது. கறுப்பும் தெளிவுமாக மட்டும் இருக்கும் ஃபிலிமில் லோகோவை எடுத்து, பின்னாலிருந்து விளக்குப் போட்டு, காமிராவால் ஸ்கேன் செய்வார்கள். அந்த சிக்னலை மின்சுற்றுகளால் வளைத்து நெளித்து ஒரு படக்குழாயில் காட்டி, அந்தக் குழாயை இன்னொரு காமிரா படம்பிடிக்கும். வெளிச்சம் ஊடுருவாத இடமெல்லாம் கறுப்பாகவே நிற்கும். அந்தக் காலத்து லோகோக்களில் இருண்ட பின்னணியும் ஒளிக்கசிவும் அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இப்படிப்பட்ட கருவிகள் பெரிய காரணம். ரசனை பாதி, மின்சுற்று பாதி.

1965-ல் வந்த ஸ்க்ரீன் ஜெம்ஸ் லோகோவையும் 1976-ல் வந்த வயாகாம் லோகோவையும் பார்த்துப் பயந்த குழந்தைகள் ஏராளம். முன்னதைப் பற்றி 2010-ல் ஒரு குறும் ஆவணப்படமே வந்தது. அந்த லோகோவுக்கு இசை எரிக் சிடே, அக்காலத்து எலெக்ட்ரானிக் இசையின் முன்னோடிகளில் ஒருவர். பயத்துக்குக் காரணத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அம்சங்கள் கிடைக்கும்: வேறெதுவும் இல்லாத வெறும் பின்னணி, கூடிச் சேரும் அல்லது நம்மை நோக்கிப் பாயும் வடிவம், நிகழ்ச்சியின் இனிய முடிவிசை ஓய்ந்தவுடன் எச்சரிக்கையில்லாமல் வரும் கரகரத்த ஒலி. இதில் இரண்டு இருந்தால் கம்பீரம். மூன்றும் சேர்ந்தால் குழந்தை சோபாவுக்குப் பின்னால் ஓடும். திகில் தொடர் எடுக்கும் நிறுவனமாக இல்லாவிட்டால் மூன்றில் ஒன்றைக் கைவிடுங்கள்.

1982-ல் பிரிட்டனின் சேனல் ஃபோர், ஒன்பது வண்ணக் கட்டைகள் பறந்துவந்து நான்கு என்ற எண்ணாகச் சேரும் லோகோவோடு தொடங்கியது. வடிவமைத்தவர் மார்ட்டின் லாம்பி-நெய்ர்ன். அது சேனல் லோகோதான் என்றாலும் இங்கே சொல்லக் காரணம் உண்டு: கட்டைகளைக் கணினியில் பறக்கவைக்க லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போக வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினியில் அதை மதியத்துக்குள் முடித்துவிடலாம். அதுவே இப்போதைய சிக்கலும்கூட. கருவி கட்டுப்படுத்தாத காலத்தில் கட்டுப்பாட்டை நாம்தான் விதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தங்க நிறம், ஒளிக்கீற்று, பொறிப்பொறியாகத் துகள்கள் என்று எல்லா லோகோவும் ஒரே முகமாகிவிடும்.

ஒரு வாக்கியம், அதில் ஒரு வினைச்சொல்

யோசனையைச் சோதிக்க எளிய வழி: திரையில் நடப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். மேரி டைலர் மூரும் கிராண்ட் டிங்கரும் தொடங்கிய எம்டிஎம் நிறுவனத்துக்கு: பூனைக்குட்டி மியாவ் என்கிறது. எம்ஜிஎம் படங்களின் தொடக்கத்தில் கர்ஜிக்கும் சிங்கத்தின் இடத்தில் ஒரு பூனைக்குட்டி, அவ்வளவுதான் நகைச்சுவை. தொடர் எழுத்தாளரும் தயாரிப்பாளருமான ஸ்டீபன் கேனலின் நிறுவனத்துக்கு: எழுத்தாளர் தட்டச்சு இயந்திரத்திலிருந்து தாளை உருவி எறிகிறார், தாள் பறந்து லோகோவாகிறது. கேரி டேவிட் கோல்ட்பெர்க்கின் உபு நிறுவனத்துக்கு: நாயை உட்காரச் சொல்கிறார்கள், குரைக்கிறது. கிறிஸ் கார்ட்டரின் டென் தேர்ட்டீன் நிறுவனத்துக்கு: ஒரு குழந்தை, இதை நான் செய்தேன் என்கிறது.

உங்கள் வாக்கியம் 'எங்கள் பெயர் ஒளிர்ந்து தோன்றுகிறது' என்று வந்தால் யோசனை இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

உபுவின் லோகோவை இன்னொரு முறை கவனியுங்கள். அது அசையாத ஒரு புகைப்படம். வீசி விளையாடும் தட்டை வாயில் கவ்விய நாய். அசைவு முழுக்க ஒலியில். அனிமேஷன் செலவு ஏறக்குறைய இல்லை, ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை. கையில் பணமில்லாத நிறுவனத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

எம்டிஎம் பூனை வேறொன்றைக் கற்றுத்தருகிறது: மாற்றிப்போட இடமுள்ள வடிவம். காவல்துறைத் தொடருக்கு அதன் தலையில் போலீஸ் தொப்பி, மருத்துவமனைத் தொடருக்கு முகக்கவசம், துப்பறியும் தொடருக்கு வேட்டைத் தொப்பியும் புகைக்குழாயும். சட்டகம், பூனை, குரல் மூன்றும் பெரும்பாலும் மாறாமல் இருந்ததால்தான் உடை மாறியது ரசிக்கத்தக்கதாயிற்று. முதல் நாளே தொடருக்குத் தொடர் மாற்றத் தொடங்கினால் எது மூல வடிவம் என்றே யாருக்கும் தெரியாது. குறைந்தது ஒரு சீசனாவது மாறாத வடிவம் ஓடட்டும்.

மனிதரைக் காட்டும் லோகோவுக்கு ஒரு தொல்லை உண்டு. வயதாகும். கேனலின் லோகோவை ஆண்டுகள் போகப்போக மறுபடி மறுபடி படம்பிடிக்க வேண்டியிருந்தது. உடை மாறியது, அறை மாறியது. கை, நிழல், குரல், பொருள் என்று காட்டினால் இந்தத் தொல்லை குறையும். 1997 முதல் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்த் தயாரிப்பாளர் சக் லோரி தன் தொடர்களின் முடிவில் காட்டிவரும் எழுத்து அட்டை இன்னொரு விதம். ஒன்றிரண்டு நொடியில் ஒரு பக்க உரை. பதிவுசெய்து நிறுத்தினால்தான் படிக்க முடியும். அதற்காகவே நிறுத்திப் படித்தவர்கள் உருவானார்கள். சாமர்த்தியமான வழிதான், ஆனால் ஒவ்வொரு எபிசோடுக்கும் புதிதாக எழுத ஆள் இருந்தால் மட்டும்.

கட்டமும் எழுத்தும்

1920×1080 கட்டத்தில் வேலை செய்யுங்கள். எழுத்து இருக்க வேண்டிய பாதுகாப்பான பகுதி, அகலத்திலும் உயரத்திலும் நடுவிலுள்ள 90 சதவீதம்: இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டால் 1728×972 கிடைக்கும். அசைவுக்கான எல்லை 93 சதவீதம். படக்குழாய் டிவி காலத்தில் எழுத்துக்கு 80, அசைவுக்கு 90 என்று வைத்திருந்தார்கள், ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியும் ஓரத்தை ஒவ்வொரு அளவில் விழுங்கியது. இன்றும் லோகோவைப் பொறுத்தவரை பழைய 80 சதவீதமே நல்லது. ஒரே ஒரு பெயருக்கு அதற்கு மேல் இடம் தேவைப்படாது. முடிந்தால் எல்லாவற்றையும் நடுவிலுள்ள 1440 பிக்சல் அகலத்துக்குள் அடக்கிவிடுங்கள். பழைய நான்குக்கு மூன்று திரைக்கு வெட்டினாலும் எதுவும் போகாது.

அடுத்தது சுருங்கிய திரை. 1994-ல் அமெரிக்காவின் என்பிசி, முடிவுப் பெயர்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கம் விளம்பரக் காட்சியை ஓட்டும் முறையைத் தொடங்கியது. மற்ற சேனல்களும் பின்பற்றின. அதன் பிறகு தயாரிப்பு லோகோவின் சொந்த ஒலி கேட்கும் என்பதற்கோ முழுத் திரை கிடைக்கும் என்பதற்கோ உத்தரவாதம் இல்லை. படம் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குச் சுருங்குவதாக வைத்துக்கொண்டால், 60 பிக்சல் உயர எழுத்து 20 பிக்சலாகும். அதற்குக் கீழே போனால் மங்கல்தான். ஆகவே முழு அளவில் எழுத்தின் உயரம் 60 பிக்சலுக்குக் குறையாமல் பாருங்கள். பெயருக்குக் கீழே முழக்கவரி எதுவும் வேண்டாம். அதை யாரும் படிக்கப்போவதில்லை.

பெயர் தமிழில் இருந்தால் முதலில் காணாமல் போவது புள்ளி. 'க்' சுருங்கிய திரையில் 'க' ஆகிவிடும், பெயரே மாறிவிடும். புள்ளியின் விட்டம் எழுத்துக் கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், எழுத்திலிருந்து சற்று விலகியும் நிற்கட்டும். 'ஞ', 'ணை' போன்ற சுழி நிறைந்த எழுத்துகளில் உள்வெளி அடைந்துபோகும். அதனால் தடித்த எழுத்துருவைவிட நடுத்தரத் தடிமனே மேல். மேலும் கீழும் இகர உகரக் குறிகள் நீள்வதால் ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கும் உயரம் போதாது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இன்னொரு பொறி. அனிமேஷன் மென்பொருளில் எழுத்து எழுத்தாக வரவைக்கும் தயார்நிலை அசைவுகள் பலவும் தமிழ் எழுத்தைக் குறியீடு குறியீடாக உடைத்துவிடும். 'கொ' வரும்போது ஒற்றைக்கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாகப் பறக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் இந்திய எழுத்துகளைக் கையாளும் உரைப் பொறியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கொம்பு இடம் மாறியே நிற்கும். பெயரை முதலில் வரைவடிவமாக மாற்றி, ஒவ்வொரு முழு எழுத்தையும் ஒரு தொகுதியாகக் கட்டி, பிறகு அசைப்பதே பத்திரம். வேறு கணினியில் எழுத்துரு இல்லாமல் போனாலும் கவலையில்லை.

பிரேம் கணக்கு

நொடிக்கு 25 பிரேமில் மூன்று நொடி என்றால் 75 பிரேம். அதை இப்படிப் பங்கிடலாம். முதல் 3 பிரேம் கறுப்பும் மௌனமும், முந்தைய காட்சியின் ஒலிவால் வந்து ஒட்டாமல் இருக்க. அடுத்த 18 பிரேமுக்குள் செயல் முடிய வேண்டும். 22-வது பிரேமில் அடி விழுகிறது, அதாவது லோகோ முழுவடிவம் பெறுகிறது. அங்கிருந்து 62-வது பிரேம் வரை ஏறக்குறைய அசையாமல் நிற்கட்டும். மிச்சம் 13 பிரேம் மறைவதற்கு.

பெரும்பாலான முதல் முயற்சிகள் கெட்டுப்போவது இந்தப் பங்கீட்டில்தான். இரண்டு நொடி அனிமேஷன் ஓடி, கடைசி அரை நொடியில் பெயர் வந்து, வந்ததும் மறைந்துவிடும். பெயர் அசையாமல் நிற்கும் நேரம் எந்தப் பதிப்பிலும் 25 பிரேமுக்குக் குறையக் கூடாது. இரண்டு நொடிப் பதிப்பு தேவைப்படும்போது செயலைச் சுருக்குங்கள், நிற்கும் நேரத்தை அந்த 25 பிரேமுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். ஒரு நொடிப் பதிப்பென்றால் அசைவே வேண்டாம், முழுவடிவ லோகோவும் அடியின் ஓசையும் போதும். இந்த மூன்று நீளங்களையும் முதல் நாளே செய்து வைத்துவிடுங்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து தயாரித்த தொடரில் லோகோக்கள் வரிசையாக வரும்போது ஆளுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தமும் சேனலின் ஒப்படைப்பு விதியும் தீர்மானிக்கும். உங்களிடம் சரியான நீளம் இல்லையென்றால் வேறு யாரோ ஓர் எடிட்டர் கண்ட இடத்தில் வெட்டுவார்.

பக்கவாட்டில் பாயும் அசைவு ஆபத்தானது. ஒரு நொடியில் திரையைக் கடக்கும் வடிவம் 25 பிரேமில் பிரேமுக்கு 77 பிக்சல் தாவும். கண்ணுக்கு அது வழுக்கிச் செல்வதாகத் தெரியாது, படிப்படியாகக் குதிப்பதாகத் தெரியும். 180 டிகிரி ஷட்டருக்கு, அதாவது பிரேம் நேரத்தில் பாதி திறந்திருக்கும் காமிரா ஷட்டருக்குச் சமமான அசைவு மங்கலைச் சேர்த்தால் பாதி சரியாகும். ஆழத்திலிருந்து வருவது, மறைப்பு விலகுவது, ஒளி மாறுவது போன்றவை இன்னும் நிம்மதி.

ஒரு பிரேமின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, ஃபீல்டு என்ற இரு பாதிகளாகப் பிரித்து அனுப்பும் இன்டர்லேஸ் முறையில் ஒளிபரப்பும் சேனல்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு பிக்சல் தடிமனுள்ள கிடைக்கோடு ஒரு ஃபீல்டில் மட்டும் இருக்கும், மற்றதில் இருக்காது. விளைவு, கோடு துடிக்கும். கிடைக்கோடு எதுவும் 2 பிக்சலுக்குக் குறையாமல், விளிம்பு கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும். எச்டியில் மேல் ஃபீல்டு முதலில் வர வேண்டும். வரிசை தலைகீழானால் அசையும் வடிவம் முன்னும் பின்னும் உதறும். நின்ற படத்தில் இது தெரியவே தெரியாது, அதனால் அசைவு உள்ள பகுதியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

25 பிரேமில் செய்ததை 29.97-க்கு மென்பொருளை விட்டு மாற்றாதீர்கள். ஆறுக்கு ஒரு பிரேம் இரட்டிக்கும் அல்லது இரண்டு பிரேம் கலந்து பேயுருவாகும். அனிமேஷன் கோப்பிலேயே பிரேம் வேகத்தை மாற்றி மறுபடி ரெண்டர் செய்யுங்கள். அசைவின் நேரங்களைப் பிரேம் எண்ணில் இல்லாமல் நொடியில் வைத்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை.

நிறம், ஒளி, மினுக்கல்

ஒளிபரப்புக் கோப்பில் 8 பிட் கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. 10 பிட்டில் 64, 940. கணினித் திரையின் 0 முதல் 255 வரையிலான அளவுகளைச் சரியாக மாற்றாமல் ஏற்றுமதி செய்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: கறுப்பு சாம்பலாகி எல்லாம் வெளுத்துத் தெரியும், அல்லது நிழல்கள் மொத்தமாக அடைந்துபோகும். ஒரு தொடரின் முடிவில் லோகோவின் கறுப்பு மட்டும் சாம்பல் பூத்துத் தெரிந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடர் சிவப்பில் மெல்லிய எழுத்து வேண்டாம். ஒளிபரப்பிலும் ஸ்ட்ரீமிங்கிலும் நிறத் தகவல் ஒளித் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் போகிறது. வழக்கமான சுருக்கத்தில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிற மாதிரி. கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து வைத்தால் விளிம்பு படிக்கட்டாகி நிறம் வழியும். சிவப்பு வேண்டுமென்றால் பெரிய, தடித்த வடிவத்துக்கு வையுங்கள், எழுத்து வெள்ளையில் இருக்கட்டும்.

இருண்ட நீலத்திலிருந்து கறுப்புக்குப் படிப்படியாக மங்கும் பின்னணி எல்லோருக்கும் பிடிக்கும். சுருக்கிய பின் அது வளையம் வளையமாகப் பிரியும். 16 பிட்டில் ரெண்டர் செய்து, மேலே ஒரு சதவீத அளவில் மெல்லிய மணற்தன்மை சேர்த்து, 10 பிட் கோப்பாக எடுங்கள். பிறகு வேண்டுமென்றே நொடிக்கு 1.5 மெகாபிட் அளவுக்குச் சுருக்கி ஒரு பழைய டிவியில் ஓட்டிப் பாருங்கள். பறக்கும் துகள்களும் வண்ணத்தாள் மழையும் அந்தச் சோதனையில் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்தால் அவற்றின் மேலுள்ள ஆசை தானாகவே போய்விடும்.

வழக்கத்தைவிட அதிக ஒளி வரம்பு கொண்ட எச்டிஆர் பதிப்பில் வேறு தவறு நடக்கும். லோகோவின் வெள்ளையைக் கருவி தரும் உச்சத்துக்குக் கொண்டுபோனால் இருட்டறையில் பார்ப்பவர் கண்ணைப் பொத்திக்கொள்வார். கிராஃபிக்ஸ் வெள்ளைக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கும் அளவு சதுர மீட்டருக்கு 203 கேண்டலா. எச்டிஆரின் இரு சிக்னல் முறைகளில், பிக்யூவில் அது ஏறக்குறைய 58 சதவீதம், எச்எல்ஜியில் 75. ஒரு கணம் தெறிக்கும் ஒளிக்கீற்று மட்டும் அதைத் தாண்டலாம்.

மினுக்கலில் விளையாட்டு வேண்டாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூன் எபிசோடில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி மினுங்கியதில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு நொடிக்கு மூன்று மினுக்கல், அதுவும் திரையின் கால்பங்குப் பரப்பைத் தாண்டும்போது. அடர் சிவப்புக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். மூன்று நொடி லோகோவுக்காக முழு எபிசோடும் ஹார்டிங் என்ற மினுக்கல் சோதனையில் தோற்றுத் திரும்பி வருவது நடக்கும். லோகோவைத் தனியாக ஒருமுறை அந்தச் சோதனையில் ஓட்டிச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி

என்பிசியின் மூன்று மணியொலி, ஜி, ஈ, சி என்ற மூன்று ஸ்வரங்கள், 1950-ல் அமெரிக்காவில் வணிகக் குறியீடாகவே பதிவானது. சேனல் ஃபோருக்கு டேவிட் டண்டாஸ் எழுதியது நான்கு ஸ்வரம். நீளமான மெட்டு தேவையில்லை என்பதற்கு இவ்விரண்டும் போதும். மூன்று முதல் ஐந்து ஸ்வரம், அல்லது ஒரு பேச்சு, அல்லது ஒரு பொருளின் ஓசை.

ஆதார சுருதியை யோசித்து வையுங்கள். உங்கள் லோகோவுக்கு முன்னால் எந்தத் தொடரின் முடிவிசை எந்த ஆதார சுருதியில் ஓயும் என்று தெரியாது. மெட்டாக இருந்தால் சில சமயம் அபஸ்வரமாக மோதும். கதவு, மணி, பூனை, சுத்தியல் போன்ற ஓசைகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பழைய லோகோக்களில் இவை இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

24 பிரேமில் எடுத்த எபிசோடை 25-க்கு வேகப்படுத்தினால் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் வேகம் கூடும், சுருதி அரைஸ்வரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். ஒரே லோகோ வெவ்வேறு நாட்டு ஒளிபரப்பில் வெவ்வேறு சுருதியில் கேட்பதற்குக் காரணம் அது. எபிசோடை மாற்றிய பிறகு, 25-க்கென்று தனியாகச் செய்த லோகோவைக் கடைசியில் ஒட்டச் சொல்லுங்கள்.

கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஐரோப்பிய ஒளிபரப்பின் ஆர் 128 விதி முழு நிகழ்ச்சியின் சராசரி உரப்பை -23 எல்யூஎஃப்எஸ் (உரப்பின் அலகு) என்று நிர்ணயிக்கிறது, அமெரிக்காவில் -24. முக்கால் மணி நேர நிகழ்ச்சியின் சராசரியை மூன்று நொடி லோகோ அசைக்கவே அசைக்காது. எனவே காது கிழியும் லோகோவும் சோதனையில் தேறிவிடும். தேறியது என்பதற்காக அனுப்பாதீர்கள். மூன்று நொடிச் சாளர அளவீட்டில் பார்த்து, நிகழ்ச்சியின் சராசரியிலிருந்து 2 அல்லது 3 அலகுக்கு மேல் ஏறாமல் வையுங்கள். உச்ச அளவு -3 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சுருக்கும்போது உச்சம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஸ்டீரியோவை மோனோவாகக் கலந்து கேட்பது கட்டாயம். அகலமாகத் தோன்றுவதற்காக ஒரு பக்கத்தின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பிவிட்ட ஓசை மோனோவில் காணாமல் போகும். தாழ்ந்த இடி முழக்கம் டிவியின் சிறு ஒலிபெருக்கியில் வராது, போனில் நிச்சயமாக வராது. அடியின் ஓசையில் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஏதாவது இருக்கட்டும். ஒலிவால் கடைசி 6 பிரேமுக்கு முன் முழுதாக அடங்கிவிட வேண்டும். எதிரொலி நீண்டால் வெட்டு விழும் இடத்தில் கத்தரித்தது போலக் கேட்கும்.

கடைசிச் சோதனை: ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டில் ஒன்றிலாவது யார் லோகோ என்று புரிய வேண்டும். அறிவிப்புக் குரல் மேலே ஏறும்போது மிஞ்சப்போவது படம். பார்ப்பவர் எழுந்து போயிருந்தால் மிஞ்சப்போவது ஒலி.

எழுத்தில் வாங்க வேண்டியவை

இசையமைப்பாளரிடம் ஒளிபரப்பு ஒவ்வொன்றுக்கும் உரிமத்தொகையா, மொத்தமாக ஒரே தொகையா என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். தொடர் பல நாடுகளுக்குப் போன பிறகு பேசினால் விலை வேறு. குரல் கொடுப்பவர் குழந்தையென்றால் பெற்றோரின் கையெழுத்து. எழுத்துருவுக்கு ஒளிபரப்பு உரிமம் தனியாக வேண்டியிருக்கலாம். பெயரும் வடிவமும் ஏற்கெனவே யாருடைய வணிகக் குறியீடாவது இல்லையா என்று தேடிய பிறகுதான் அனிமேஷனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது.

பதிப்புரிமை ஆண்டை லோகோவுக்குள் பதிக்காதீர்கள், தனி அடுக்காக வையுங்கள். ரோமன் எண்ணில் ஆண்டு போடும் பழைய வழக்கம் பார்ப்பவர் நிகழ்ச்சியின் வயதைச் சட்டென்று கணக்கிட முடியாமல் செய்தது. மறுஒளிபரப்புக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒப்படைக்கும் கட்டு

முதன்மைக் கோப்பு 3840×2160, ப்ரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவில். அதிலிருந்து எச்டிக்கு 23.976, 25, 29.97, 50, 59.94 ஆகிய வேகங்களில், ஒவ்வொன்றிலும் மூன்று நொடி, இரண்டு நொடி, ஒரு நொடி. ஒலியில்லாத பதிப்பு ஒன்று. செங்குத்துத் திரைக்கு 1080×1920-ல் ஒன்று, வெட்டி எடுத்ததாக இல்லாமல் புதிதாக அடுக்கியதாக. அசையாத படம் ஒன்று, பின்னணி வெளிப்படையாக இருக்கும் பதிப்பு ஒன்று. இந்த வெளிப்படைப் பதிப்பில்தான் விளிம்பில் கறுப்பு ஓரம் தெரியும் என்ற புகார் வரும். கோப்பில் ஆல்ஃபா, அதாவது வெளிப்படைத்தன்மைத் தகவல், நிறத்தோடு பெருக்கப்பட்டதா, நேரானதா என்பதை வாங்குபவரின் மென்பொருள் தவறாக ஊகிப்பதே காரணம். கோப்புப் பெயரிலேயே அதை எழுதிவிடுங்கள். நிறுவனப் பெயர், அளவு, வேகம், நீளம், ஒலி உண்டா, ஆல்ஃபா வகை, பதிப்பு எண் என்ற வரிசையில் பெயர் இருந்தால் பத்து ஆண்டு கழித்தும் கண்டுபிடிக்கலாம். 'கடைசி', 'கடைசி புதுசு' என்ற பெயர்களால் எத்தனையோ தொடர்களில் பழைய லோகோ ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.

ஸ்ட்ரீமிங் தளங்களில் முடிவுப் பெயர் தொடங்கியதுமே அடுத்த எபிசோடு ஓடத் தயாராகிவிடுகிறது. முடிவில் வைத்த லோகோவைப் பலர் பார்ப்பதே இல்லை. தொடக்கத்தில் ஓர் இடம் கேட்டுப் பேசிப் பாருங்கள். கிடைத்தால் அங்கே இரண்டு நொடிப் பதிப்பு போதும், ஒலியைப் பாதியாகக் குறைத்து, கறுப்பில் முடியாமல் முதல் காட்சிக்குள் நேரடியாக வெட்டும்படி கடைசி 13 பிரேமை நீக்கிக் கொடுங்கள்.